லிட்டர் என்பது எவ்வளவு? குழந்தைகளும் முகத்தல் அளவையும்

திரவத்துக்குச் சொந்த வடிவம் கிடையாது. ஒரு குச்சியைத் தரையில் கிடத்தினாலும் சுவரில் சாய்த்தாலும் அதன் நீளம் கண்ணுக்கு ஏறக்குறைய அப்படியேதான் தெரியும். தண்ணீரோ பாத்திரத்துக்குப் பாத்திரம் தோற்றம் மாறுகிறது. நீளத்தை அளக்கும் பாடத்தில் குழந்தைக்குத் துணையாக வரும் கண், கொள்ளளவுப் பாடத்தில் முதல் இடைஞ்சலாகிவிடுகிறது. ஆகவே லிட்டர், மில்லிலிட்டர் என்ற பெயர்களைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே கடக்கவேண்டிய ஒரு கட்டம் இதில் இருக்கிறது.

காபி டம்ளரும் டபராவும் இதற்குக் கைக்கெட்டிய சான்று. நேர்ச்சுவராக எழும்பும் ஒரு டம்ளரின் விட்டம் 6 செ.மீ., உயரம் 7 செ.மீ. என்றால் அது ஏறத்தாழ 200 மில்லி கொள்ளும். அதே காபியை 8 செ.மீ. விட்டமுள்ள டபராவில் ஊற்றினால் 4 செ.மீ. உயரத்துக்குத்தான் நிற்கும். விட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கே உயரம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதால் வரும் விளைவு இது. ஆனால் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது உயரம். அகலத்தைக் கண் குறைத்தே மதிப்பிடுகிறது. பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. பழச்சாறுக் கடைகளில் ஒல்லியான உயரக் கண்ணாடி டம்ளர்கள் விரும்பப்படுவதற்கு அழகு மட்டும் காரணம் என்று சொல்லமுடியாது.

குழந்தைகளிடம் இதை முறையாக ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே. அலினா செமின்ஸ்காவுடன் சேர்ந்து 1941இல் அவர் வெளியிட்ட, குழந்தைகளின் எண் கருத்தைப் பற்றிய நூலில் இந்தச் சோதனை விரிவாக இடம்பெற்றது. ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சம அளவு திரவம் வைக்கப்படும். இரண்டும் சமம் என்று குழந்தை ஒப்புக்கொண்ட பிறகு, அதன் கண்முன்னாலேயே ஒன்றில் உள்ளது உயரமான ஒடுங்கிய குவளைக்கு மாற்றப்படும். நான்கைந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் உயரமான குவளையில்தான் அதிகம் என்று சொல்லும். ஏழெட்டு வயதில் பதில் மாறுகிறது. சரியான பதிலைவிட, அந்த வயதுப் பிள்ளைகள் சொல்லும் காரணங்கள்தான் ஆசிரியருக்குப் பயன்படுபவை. ‘எதையும் சேர்க்கவுமில்லை, எடுக்கவுமில்லை’ என்கிறது ஒரு பிள்ளை. ‘திருப்பி ஊற்றினால் பழையபடி வந்துவிடும்’ என்கிறது இன்னொன்று. ‘உயரம் கூடியது, அகலம் குறைந்தது’ என்பது மூன்றாவது வகை. வகுப்பில் ஒரு பிள்ளை இவற்றில் எதைச் சொல்கிறது என்று கவனித்தாலே அதன் புரிதல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

பியாஜேயின் முடிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று பின்வந்தவர்கள் காட்டினார்கள். ஒரே கேள்வியை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு முறை கேட்டால், முதலில் சொன்ன பதில் தப்பு போலிருக்கிறது என்று குழந்தை எண்ணிக்கொள்ளும். 1974இல் சூசன் ரோஸ், மேரியன் பிளாங்க் இருவரும் பொருள்களின் எண்ணிக்கையை வைத்து நடத்திய சோதனையில், ஒரு முறை மட்டும் கேட்டபோது சரியான பதில்கள் கூடின. திரவத்தைப் பொறுத்தவரை, உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1964இல் எழுதிய கட்டுரையில் விவரிக்கும் சோதனை வகுப்பறைக்கு நேரடியாக உதவுவது. அவருடன் பணியாற்றிய பிரான்சுவாஸ் பிராங்க், குவளைகளுக்கு முன்னால் ஒரு திரையை வைத்துத் தண்ணீர் மட்டத்தை மறைத்துவிட்டார். ஊற்றுவது தெரியும், மட்டம் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. மட்டம் தெரியாதபோது சின்னப் பிள்ளைகள்கூட ‘அதே தண்ணீர்தானே’ என்று சரியாகச் சொன்னார்கள். திரையை எடுத்ததும் நான்கு வயதினர் தங்கள் பதிலை மாற்றிக்கொண்டார்கள். அவர்களைவிடப் பெரியவர்கள் பெரும்பாலும் சொன்னதில் உறுதியாக நின்றார்கள்.

இதிலிருந்து ஆசிரியர் எடுத்துக்கொள்ளக்கூடிய உத்தி எளிமையானது. ஊற்றுவதற்கு முன்பே ‘அந்தப் பாத்திரத்தில் எதுவரை நிற்கும்?’ என்று கேட்டு, பிள்ளையையே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிட வேண்டும். பிறகு ஊற்ற வேண்டும். தண்ணீர் மட்டம் ரப்பர் பேண்டுக்கு மேலேயோ கீழேயோ நிற்கும்போது, அகலத்தைக் கணக்கில் எடுக்க மறந்தது பிள்ளைக்கே தெரிந்துவிடும். யாரும் விளக்கவேண்டியதில்லை.

அடுத்தது ஒப்பிடுதல். இரண்டு பாத்திரங்களில் எது அதிகம் கொள்ளும் என்று அறிய ஒன்றை நிரப்பி மற்றொன்றில் ஊற்றினால் போதும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சொம்பிலிருந்து கிண்ணத்துக்கு ஊற்றும்போது கிண்ணம் வழிந்தால், ‘கிண்ணத்தில் வழிகிற அளவுக்கு இருக்கிறது, அதனால் கிண்ணம்தான் பெரிது’ என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. வழிந்தால் ஊற்றிய பாத்திரம் பெரிது, இடம் மிஞ்சினால் ஊற்றப்பட்ட பாத்திரம் பெரிது என்ற முடிவு செய்துபார்த்துத்தான் மனத்தில் ஏறும்.

ஒரு பாத்திரத்தை ‘அலகு’ ஆக்கி மற்றதை அளக்கத் தொடங்கும்போது பாடம் கனமாகிறது. ஒரு வாளித் தண்ணீரை டம்ளரால் அளக்கச் சொன்னால், இரண்டு குழுக்கள் இரண்டு எண்களோடு வரும். ஒரு குழு டம்ளரை விளிம்புவரை நிரப்பியிருக்கும், மற்றது முக்கால் டம்ளரையும் முழு டம்ளராக எண்ணியிருக்கும். நெல்லையும் அரிசியையும் படியில் அளக்கும்போது தலைதட்டி அளப்பதா, கும்பமாக அளப்பதா என்ற பேச்சு எழும். திரவத்தில் கும்பம் கிடையாது என்பது ஒரு வசதி. ஆனால் ‘நிறைந்தது’ என்பதற்கு ஒரு பொதுக் கோடு வேண்டும் என்ற தேவை இதிலும் அப்படியேதான் இருக்கிறது. இரு குழுக்களின் எண்ணும் ஏன் வேறுபட்டது என்று பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போடுவதுதான் இந்தப் பாடத்தின் சாரமான பகுதி. அதைத் தவறு என்று அடித்துவிட்டுச் சரியான எண்ணைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் பாடத்தையே அடித்துவிடுகிறார்.

அலகு சிறியதானால் எண் பெரியதாகும் என்பது இன்னொரு தடை. ஒரே தூக்குவாளியைச் சின்ன டம்ளரால் அளந்தால் 12, பெரிய டம்ளரால் அளந்தால் 5 என்று வைத்துக்கொள்வோம். 12 பெரிய எண்ணாகையால் அங்கேதான் தண்ணீர் அதிகம் என்று நினைப்பது இயல்பு. சோவியத் ஒன்றியத்தில் டி. பி. எல்கோனினும் வி. வி. டவிதோவும் 1959 முதல் மாஸ்கோவின் 91ஆம் எண் பள்ளியில் உருவாக்கிய கணிதப் பாடத்திட்டம் இந்தத் தடையைத் தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்தியது. அதில் முதல் வகுப்புப் பிள்ளைகள் எண்களிலிருந்து தொடங்குவதில்லை. நீளம், பரப்பு, எடை, தண்ணீரின் அளவு ஆகியவற்றை ஒப்பிட்டு, எது பெரிது என்பதை எழுத்துகளால் குறிப்பதில் தொடங்குகிறார்கள். அளவை அலகால் அளக்கும்போது கிடைக்கும் விடையாகவே எண் பிறகு அறிமுகமாகிறது. ‘பன்னிரண்டு’ என்று மட்டும் சொன்னால் அங்கே பொருளில்லை. எதனால் அளந்தபோது பன்னிரண்டு என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாப் பள்ளிக்கும் இந்தத் திட்டம் பொருந்தாது. ஆனால் அளவைப் பாடத்தில் அலகைச் சொல்லாத எண்ணை விடையாக ஏற்கக்கூடாது என்ற கறார்த்தனம் எந்தப் பள்ளிக்கும் பொருந்தும்.

தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் அளவைகள் வாய்ப்பாடாகவே மனனம் செய்யப்பட்டன. எண்சுவடியில் நெல்லிலக்கம் என்று அதற்கென ஒரு பகுதியே இருந்தது. 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி என்று அது ஏறும். இந்தக் கணக்கில் ஒரு நாழிக்கு 14,400 நெல். 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். தானியத்துக்கான இந்த முகத்தல் அளவைகளே எண்ணெய்க்கும் நெய்க்கும் பாலுக்கும் பயன்பட்டன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலின் பெயர் வருகிறது. இன்ன மரக்காலால் அளந்தது என்று பெயர் சொல்லிக் குறிக்கவேண்டியிருந்ததே, எல்லா மரக்காலும் ஒன்றல்ல என்பதைக் காட்டுகிறது. படி விஷயத்தில் ஊருக்கு ஊர் வேறுபாடு இருபதாம் நூற்றாண்டுவரை தொடர்ந்தது.

அந்த வாய்ப்பாட்டை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று இன்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதன் அமைப்பில் ஒரு நன்மை இருந்தது. ஆழாக்கிலிருந்து நாழிவரை ஒவ்வோர் அளவையும் முந்தியதன் இரட்டிப்பு. ஒரு குழந்தை ஊற்றிப் பார்த்தே அத்தனையையும் சரிபார்க்கலாம். இன்றைய பாடப்புத்தகமோ லிட்டரிலிருந்து ஒரே தாவலில் அதன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறங்குகிறது. டெசிலிட்டர், சென்டிலிட்டர் என்று நடுவில் இருப்பவற்றைப் பிள்ளைகள் தேர்வுக்காகப் படிப்பதோடு சரி, கடையிலோ வீட்டிலோ அவற்றை யாரும் பயன்படுத்துவதில்லை. ஆயிரம் என்ற எண்ணே இன்னும் முழுசாகப் பிடிபடாத மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு மில்லிலிட்டர் என்பது வெறும் சொல்.

இந்தியாவில் எடை, அளவைகளைச் சீராக்கும் சட்டம் 1956இல் வந்தது. 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. லிட்டர் அதைவிட மூத்தது. 1795இல் பிரெஞ்சுச் சட்டம் அதை 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் கொள்ளளவாக வரையறுத்தது. 1901இல் ஒரு கிலோகிராம் தண்ணீரின் கொள்ளளவு என்று வரையறை மாற்றப்பட்டதால் மிகச் சிறிய வேறுபாடு ஒன்று நுழைந்தது. 1964இல் மீண்டும் பழைய வரையறைக்கே திரும்பினார்கள். பள்ளிக்கு இதில் வேண்டியது ஒன்றுதான்: 10 செ.மீ. பக்கமுள்ள ஓர் அட்டைப் பெட்டி செய்து, உள்ளே பாலித்தீன் பை விரித்து, ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றிக் காட்டுவது. பாட்டிலில் உயரமாக நின்ற தண்ணீர் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்குவதைப் பார்த்து நம்பமுடியாமல் மறுபடி ஊற்றச் சொல்லும் பிள்ளைகளுக்கு மறுபடியும் ஊற்றிக் காட்டவேண்டியதுதான்.

மில்லிலிட்டருக்குப் போகும் ஏணியைக் கடைக்காரரிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். எண்ணெய்க் கடை அளவைகள் 1 லிட்டர், 500, 200, 100, 50 மில்லி என்று இறங்கும். அவற்றில் 250 இல்லை. கால் லிட்டர் வேண்டுமென்றால் 200உம் 50உம் சேர வேண்டும். 350, 650, 800 மில்லிகளை எந்தெந்த அளவைகளால் மிகக் குறைந்த தடவைகளில் அளக்கலாம் என்று கேட்டால், அரை மணி நேரத்துக்கு வகுப்பு சத்தமாக இருக்கும். கூட்டல் பயிற்சியும் அதிலேயே முடிந்துவிடும்.

மதிப்பிடுதல் பள்ளிகளில் மிகவும் புறக்கணிக்கப்பட்ட பகுதி. ‘தோராயமாக எவ்வளவு இருக்கும்?’ என்ற கேள்வி பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பெரும்பாலும் படத்தைப் பார்த்து ஊகிக்கும் கேள்வியாகவே முடிந்துபோகிறது. படத்தில் உள்ள குடம் பெரியதா சிறியதா என்று தெரியாது. மதிப்பீடு என்பது குருட்டாம்போக்கில் ஓர் எண்ணைச் சொல்வதல்ல. தெரிந்த ஓர் அளவை மனத்தில் வைத்துக்கொண்டு, தெரியாததை அதனோடு ஒட்டிப் பார்ப்பது. ஆகவே முதலில் மனத்தில் நிலைக்கவேண்டியவை சில அடையாள அளவுகள். மருந்து பாட்டில் மூடியின் 5 மில்லிக் கோடு, காபி டம்ளரின் 150 அல்லது 200 மில்லி, பால் பாக்கெட்டின் 500 மில்லி, தண்ணீர் பாட்டிலின் 1 லிட்டர், தண்ணீர் கேனின் 20 லிட்டர் ஆகிய ஐந்தும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலோர் கையால் தொட்டவை. வீட்டு டம்ளர் எத்தனை மில்லி என்று ஒவ்வொரு பிள்ளையும் அளந்து தெரிந்துகொண்டு வரவேண்டும், ஊகித்துக்கொண்டு வரக்கூடாது.

அடுத்து மதிப்பிடு, அள, ஒப்பிடு, மறுபடி மதிப்பிடு என்ற சுற்று. ஒரு குடத்தை எடுத்துக்கொள்ளலாம். எத்தனை லிட்டர் கொள்ளும் என்று பிள்ளைகள் எழுதிவைக்கிறார்கள். ஐந்து, ஏழு, நாற்பது என்று வரும். ஒரு லிட்டர் பாட்டிலால் மூன்று முறை ஊற்றி நிறுத்திவிட்டு, உள்ளே எட்டிப்பார்க்கச் சொல்லி, மதிப்பீட்டைத் திருத்தச் சொல்ல வேண்டும். நாற்பது எழுதிய பிள்ளை பதினைந்துக்கு இறங்கும். ஆறு ஊற்றிய பிறகு மறுபடி திருத்தலாம். இங்கே குடத்தின் வடிவம் புதுச் சிக்கலைக் கொண்டுவருகிறது. அடி ஒடுங்கி, நடு புடைத்து, கழுத்து குறுகிய குடத்தில் தண்ணீர் முதலில் வேகமாக ஏறும், வயிற்றுப் பகுதியில் மெதுவாக ஏறும், கழுத்தில் மறுபடி விரைந்து ஏறும். பாதி உயரம் என்றால் பாதி அளவு என்று கொள்ளமுடியாது. மூன்று பாட்டில் ஊற்றியபோது கால் குடம் என்று கணித்த பிள்ளையின் கணக்கு எங்கே பிசகியது என்று வகுப்பே ஆராயலாம். முதல் மதிப்பீட்டை அழிக்க விடக்கூடாது. ஒவ்வொரு திருத்தமும் அருகருகே இருந்தால்தான் எண் நெருங்கிவருவது தெரியும்.

மதிப்பீட்டுக்கு மதிப்பெண் போடும்போது வித்தியாசத்தை மட்டும் பார்ப்பது நியாயமல்ல. 20 லிட்டர் கேனில் ஒரு லிட்டர் தவறினால் அது இருபதில் ஒரு பங்கு. 5 மில்லி மருந்தில் ஒரு மில்லி தவறினால் ஐந்தில் ஒரு பங்கு. சதவீதப் பாடம் வருவதற்கு முன்பே இந்த உணர்வை ஊட்டிவிடலாம். ‘2 லிட்டருக்கு மேல், 3 லிட்டருக்குள்’ என்ற எல்லை விடைகளையும் சரியென்று ஏற்க வேண்டும். ஒற்றை எண்ணைக் கேட்டு வற்புறுத்தினால் பிள்ளைகள் பக்கத்துப் பலகையைப் பார்ப்பார்கள்.

அளவுக்கோடு வாசிப்பதற்கும் தனிப்பயிற்சி தேவை. கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களிடம் நடத்திய 2023ஆம் ஆண்டின் அசர் ஆய்வு, நீளம் அளப்பதில் ஒரு விஷயத்தை வெளிக்கொண்டுவந்தது. பொருள் அளவுகோலின் பூஜ்யத்தில் தொடங்கினால் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். வேறு இடத்தில் தொடங்கியபோது சரியாகச் சொன்னவர்கள் 40 விழுக்காட்டுக்கும் குறைவு. முனையில் உள்ள எண்ணை வாசிப்பதையே அளப்பதாகப் பலர் கற்றிருக்கிறார்கள். ஜாடியிலும் அதேதான் நடக்கும். 300 மில்லிக் கோட்டிலிருந்து 450க்கு ஏறிய தண்ணீரில் எவ்வளவு சேர்த்தோம் என்று கேட்டால் 450 என்று விடை வரும்.

இதற்கு ஆகச் சிறந்த மருந்து, அளவுச் சாடியைப் பிள்ளைகளையே செய்யச் சொல்வது. நேராக நிற்கும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில் காகிதப் பட்டை ஒட்டி, 100 மில்லி அளவையால் ஒவ்வொரு முறையும் ஊற்றி, மட்டம் நின்ற இடத்தில் கோடு போட வேண்டும். முதலில் ஸ்கேலை வைத்துச் சம இடைவெளியில் கோடு போடப் பார்க்கும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். நேர்ப்பகுதியில் அவர்கள் கோடு பொருந்தும். பாட்டில் தோள்பட்டை போல ஒடுங்கும் இடத்தில் பிசகும். ஏன் என்று கேட்டால் போதும். கோட்டை வாசிக்கப் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடிப்பது சகஜமான தவறு. அதைச் சமதளத்தில் வைத்து, கண்ணை மட்டத்துக்குத் தாழ்த்த வேண்டும். குறுகிய கண்ணாடிக் குழாயில் தண்ணீரின் விளிம்பு சுவரை ஒட்டி மேலேறி நடுவில் குழிவாக நிற்கும். குழிவின் அடிப்பாகத்தைத்தான் வாசிக்க வேண்டும்.

கொள்ளளவையும் எடையையும் போட்டுக் குழப்புவது பெரியவர்களிடமும் உண்டு. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் பாக்கெட்டில் 910 கிராம் என்று சேர்த்து அச்சிட்டிருப்பதைக் காட்டினாலே இது தெளிந்துவிடும். மூழ்கும் பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்கும் என்பது இன்னும் தாமதமாக, பதினொன்று பன்னிரண்டு வயதில் பிடிபடும் என்று பியாஜே கண்டார். அதற்குமுன், ஒரே அளவுள்ள இரும்புக் குண்டும் களிமண் உருண்டையும் தண்ணீரைச் சமமாக உயர்த்தும் என்று சொன்னால் பிள்ளைகள் ஏற்க மாட்டார்கள். கனமான இரும்புதான் அதிகம் உயர்த்தும் என்பார்கள். ஆறாம் வகுப்புக்கு அதை விட்டுவைப்பது நல்லது.

இந்தப் பாடம் பிள்ளைக்கு எங்கே பயன்படும் என்றால், கடையில் என்பது பழைய விடை. நுரையோடு அளந்த பாலையும், அடி நசுங்கிய அளவையையும் கண்டுபிடிக்கத் தெரிவது நல்லதுதான். பெட்ரோல் பங்க்கில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவை வைத்திருக்கிறார்கள் என்பதும், சந்தேகமிருந்தால் அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம் என்பதும், 25 மில்லிவரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது என்பதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து வரும் இடம் மருந்து. குழந்தைகளுக்கான திரவ மருந்துகளைத் தேக்கரண்டிக் கணக்கை விட்டு மில்லிலிட்டரில் மட்டுமே குறிப்பிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் பரிந்துரைத்தது. வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் இல்லை என்பதே காரணம்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலில் முதல் அளவு தண்ணீர்தான். வீட்டில் தயாரிப்பதற்குச் சொல்லப்படும் விகிதம், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தண்ணீர் குறைந்தால் உப்பின் செறிவு கூடிக் குழந்தைக்குக் கேடு. மிகுந்தால் கரைசலால் பயன் குறைவு. வங்கதேசத்தில் பிராக் நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பணியாளர்களை அனுப்பி, தாய்மார்களுக்கு இந்தக் கரைசலைச் செய்யக் கற்றுக்கொடுத்தது. உப்புக்கு மூன்று விரல் சிட்டிகை, வெல்லத்துக்கு ஒரு கைப்பிடி என்று உடம்பிலேயே அளவை இருந்தது. தண்ணீருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அரைச் சேர் என்ற அளவைத்தான் சொல்லவேண்டியிருந்தது.

கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களில் ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. லிட்டரை ஆயிரத்தால் பெருக்கி மில்லிலிட்டர் ஆக்கும் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை, பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கினால் பள்ளி அதற்கு எதையும் கற்பிக்கவில்லை என்றுதான் பொருள். வீட்டு அலமாரியில் எந்தப் பாத்திரம் ஒரு லிட்டர், எந்த டம்ளர் 200 மில்லி என்று எடுத்துக் காட்டத் தெரிகிறதா என்பதைத்தான் நான்காம் வகுப்பின் தேர்வுக் கேள்வியாக வைக்க வேண்டும்.